சுற்றறிக்கை, மூன்றாம் படி

அன்புள்ள பெற்றோருக்கு
என்று தொடங்கி
"கற்றல் விளைவுகள்" வரை வந்து
பேனாவை மூடினேன்.
இதை வாசிக்கப் போவது நீங்கள் இல்லை.
களத்தில் உளுந்து தட்டிவிட்டு
குழாயடியில் நீங்கள் கை கழுவும்போது
பக்கத்தில் நின்று
எழுத்துக்கூட்டப் போவது
என் இரண்டாம் வகுப்பு.

முதல் படியைக் கிழித்தேன்.
இரண்டாவதில் "ஊக்குவிக்கவும்" இருந்தது.
நஸ்ரினிடம் நீட்டிப் பார்த்தேன்.
ஊ... க்... கு... என்று இறங்கி
'வி'யில் மூச்சு வாங்கி,
"ஊக்கா டீச்சர்?
சட்டைக்குக் குத்துற ஊக்கா?"
அதையும் கிழித்தேன்.

இனி, செய்திகள்.
பதினேழாம் தேதியோடு பள்ளி முடிகிறது.
இருபத்தேழு பேரில் ஐவர்
ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம்
ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள்.
சான்றிதழ் வாங்க வரும்போது
ஆதார் நகல் ஒன்று போதும்.
ஐப்பசி மழையில் விழுந்த சுவர்
இன்னும் விழுந்தபடிதான் இருக்கிறது.
எழுதிப் போட்டிருக்கிறேன்.
அந்த வழியாக ஆடு வந்து
தூதுவளையை மேய்கிறது.
யார் வீட்டு ஆடு என்று எழுதவில்லை,
அவருக்குத் தெரியும்.
சத்துணவில் இரண்டு நாள்
முட்டை குறைந்தது உண்மை.
கண்டுபிடித்தவன் ஒன்றாம் வகுப்பு கவின்மாறன்.
அவனுக்குக் கழித்தல் வந்துவிட்டது.

விடுமுறைக்கு நான் கேட்பது கொஞ்சம்தான்.
புது நோட்டு வேண்டாம்.
கொள்முதல் நிலையத்துக்குப் போனால்
பிள்ளையையும் கூட்டிப் போங்கள்.
மூட்டைக்கு நாற்பது கிலோ,
பன்னிரண்டு மூட்டை,
ஆக எத்தனை?
தப்பாகச் சொன்னால் அடிக்காதீர்கள்.
அங்கே தராசே சில நாள்
தப்பாகத்தான் சொல்கிறது.

மன்னார்குடி பஸ் தூரத்தில் தெரிந்தால்
போர்டை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.
"எந்த பஸ்ஸு இது?" என்று
தெரியாதவர் போலக் கேளுங்கள்.
நிஜமாகவே தெரியாதவர்
நிஜமாகவே கேளுங்கள்.

ரேஷன் கடையிலிருந்து போனுக்கு வரும் செய்தியை
அவர்களே உரக்கப் படிக்கட்டும்.
வாங்காத பாமாயில் அதில் இருந்தால்
அன்றைய பாடம்
வீட்டில் எல்லோருக்கும்.

கோரையாறு காய்ந்து கிடக்கிறது.
கரையோர மணலில் குச்சியால் எழுதலாம்,
சின்ன ர, பெரிய ற,
எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும்.
நடு ஆற்றுக்கு விடாதீர்கள்.
லாரி அள்ளிய பள்ளங்களை
யாரும் மூடவில்லை.
தண்ணீர் வந்தபின்
அந்தப் பக்கமே வேண்டாம்.
இந்த இரண்டு வரியை மட்டும்
பிள்ளையை இருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

மேட்டூர் எப்போது திறக்கும் என்று
என்னைக் கேட்கிறீர்கள்.
எனக்குத் தெரிந்தது பள்ளி திறக்கும் தேதி,
ஜூன் மூன்று.
இரண்டுமே மாறலாம்.
மாறினால் மைக் கட்டிச் சொல்வார்கள்.

இப்படிக்கு
இரா. புனிதவல்லி,
தலைமை ஆசிரியர், பொறுப்பு.

இருபத்தேழு நகல் எடுத்தேன்.
ஒன்றை மட்டும் தனியே வைத்தேன்.

மார்ச் மாதக் கூட்டத்தில்
மை டப்பாவை நான் தேடிக்கொண்டிருக்க,
"பேனா குடுங்க" என்றார்
அபிநிலாவின் அம்மா.
நோட்டின் மேல் குனிந்து
வெகுநேரம் எழுதினார்.
'மா'வின் துணைக்கால் நீண்டு
அடுத்தவர் கட்டத்துக்குள் போயிருந்தது.
பின்னால் நின்ற அபிநிலா
உதட்டசைவில்
ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
நான் பார்க்காதது போல
ஜன்னலைச் சாத்தப் போனேன்.

அந்த நகலின் அடியில்
நீல மையில், இடைவெளி விட்டு எழுதினேன்:
மாரிக்கண்ணு அக்கா,
இதை நீங்களே படிங்க.

'ங்' கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.
மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து
மெதுவாகப் படிக்கலாம்.